குடிக்காமல் வைத்த கோப்பைகள்

அளவற்ற அருளாளன் பெயரால்.

அன்பு மகள் மைசூனுக்கு உம்மா எழுதிக்கொள்வது. உனக்கும் மருமகன் பஷீருக்கும் என் கண்மணி லீனுக்கும் ஸலாம். நாங்கள் எல்லோரும் நலம், அங்கே நீங்களும் நலமாயிருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். ஆனால் நான் நலமில்லை மகளே. வெள்ளிக்கிழமையிலிருந்து ரொட்டி தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், இருபத்தொரு வருடத்துக்கு முந்தி சுகாதார நிலையத்தின் அந்த அறையில் இருந்தவர்களின் பெயர்களை எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் மாற்றிச் சொல்லக் கூடாது. உன் பாட்டனார் தைஃபுல்லாஹ், பெருநாளுக்கு மட்டும் எடுக்கும் கறுப்பு மேலங்கியில். அவர் தம்பி முத்லக், இடது காது கேட்காதவர். உன் வாப்பா ஸலாமா. உன் சித்தப்பா அவாத், துறைமுகத்தில் வெள்ளைக்காரர்களிடம் ஒன்பது வருடம் லாரி ஓட்டி அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டவர். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் கலஃப். நான். பதினாறு வயது நீ, பள்ளிக்கூடச் சீருடையில். உன் தம்பி நாயிஃப், ஒன்பது வயது, ஆனாலும் மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்குத்தான் எடை. பிறகு அந்த டாக்டர் ஜில்லியன். ஆக ஒன்பது பேர். உன் அத்தை ஸப்ஹா தானும் உள்ளே இருந்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். அவள் இல்லை. அவள் வெளியே பிக்கப் வண்டியில் உட்கார்ந்து பூசணி விதை கொறித்துக்கொண்டிருந்தாள், தோலை என் போர்வையில் துப்பியிருந்தாள், அதுவும் எனக்கு நினைவிருக்கிறது.

இதைப் போனில் சொல்லலாம் என்றால் நீ சத்தமாக வைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாய், பஷீரும் கேட்கிறான், நான் வாயைத் திறந்ததுமே பழசையெல்லாம் விடுங்க உம்மா என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முனீர் வாத்தியாருடைய மகள் ரஹாஃப் சனிக்கிழமை விமானம் ஏறுகிறாள், திங்கட்கிழமைக்குள் இதை உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். உனக்கு அங்கே அரசாங்க வீடு ஒதுக்கும் அலுவலகத்தில் வியாழக்கிழமை தேதி கொடுத்திருக்கிறார்கள், நடுவில் மூன்று நாள் இருக்கிறது, மூன்று தடவை படி. என் எழுத்து கோணலாக இருக்கிறது என்று சிரிக்காதே, நாற்பது வயதுக்கு மேல் பெண்கள் வகுப்பில் போய்க் கற்றுக்கொண்ட எழுத்து இது.

வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு நீ பேசினாயே, சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, அந்தச் சிரிப்பிலிருந்துதான் எனக்குப் பயம் பிடித்தது. லீன் படுக்கும் அறையின் சுவர் பூசணம் பிடித்துக் கறுத்துவிட்டது, எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வருகிறது, இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த அறையிலேயே கிடந்தால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது என்று அங்கே டாக்டரே சொல்லிவிட்டார் என்றாய். சரி, அதற்காக அலுவலகத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறாய். முதல் தடவை பேரீச்சம்பழம் வைத்த பலகாரம் ஒரு டப்பா செய்துகொண்டு போய் அந்த அலுவலகப் பெண்ணிடம் கொடுத்தாய். அவளுடைய தாயார் எப்படியிருக்கிறார் என்று கேட்டாய், முழங்கால் வலி எப்படி என்று கேட்டாய், அவள் வேலையைப் புகழ்ந்தாய். உனக்கு என்னம்மா வேண்டும் என்று அவள் கேட்பாள் என்று காத்திருந்தாய். அவளும் கேட்டாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று. நீ என்ன சொன்னாய்? வேண்டாம், நன்றி, உங்களுக்கு ஏன் சிரமம் என்றாய். அவள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டாள். இரண்டாம் தடவை பல்கலைக்கழகத்தில் படித்த இங்கிலீஷெல்லாம் திரட்டிக்கொண்டு போனாய். உங்களுக்கு நேரமிருந்தால், ஒருவேளை முடியுமானால், தொந்தரவு இல்லையென்றால் என்று சுற்றிச் சுற்றி மென்மையாகச் சொன்னதில் அவளுக்கு அவசரமாகவே தெரியவில்லை, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். நம் ஊரில் கேட்பதுபோல ‘வீட்ட மாத்திக் குடும்மா, அல்லாஹ் ஒம்புள்ளைங்கள நல்லா வைப்பான்’ என்று நேராகக் கேட்டால் அது அவர்கள் காதில் அதட்டல் மாதிரி விழுமாம், நம் பெரியவர்கள் மாதிரி வளைத்துப் பேசினால் கேட்டதே அவர்களுக்குத் தெரியாதாம். ‘ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு உம்மா, அது எனக்கு இன்னும் அகப்படல’ என்று சொல்லிச் சிரித்தாய். உன் சிரிப்புக்குப் பின்னால் லீன் மூச்சு விடுவது கேட்டது மைசூன். காற்று அடைத்த குழாயில் தண்ணீர் இழுத்து இழுத்து வருமே, அந்தச் சத்தம். அந்தச் சத்தத்தோடு நான் ஒரு வருடம் ஒரே பாயில் படுத்திருக்கிறேன். இப்போது போன் அடித்தால் உன் குரல் கேட்கும் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அன்று நடந்தது உனக்குத் தெரியும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கும் தெரியும் என்றுதான் நான் இருபத்தொரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளின் இதயத்தைப் பார்க்க வெளிநாட்டு டாக்டர் சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கிறாள், அறுவை சிகிச்சை வேண்டிய பிள்ளைகளை அம்மான் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்ற செய்தி நமக்கு வந்தபோது நாம் ஆடுகளோடு கீழே பள்ளத்தாக்கில் இருந்தோம். மேலே ஏறி வருவதற்குள் பட்டியல் முடிந்துவிட்டது, அவள் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். நமக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. நாயிஃபின் நெஞ்சில் ஒரு தடவை காது வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான். நீ வண்டியிலேயே அதை இங்கிலீஷில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாய், உதடு அசைந்துகொண்டே இருந்தது, எனக்குக்கூட இரண்டு சொல் கற்றுக்கொடுத்தாய். ஆனால் உன் பாட்டனார் ஒத்துக்கொள்ளவில்லை. உயிரைக் கேட்கப் போகிறோம், கடையில் உப்புக் கேட்பதுபோல வாசலில் நின்று கேட்க முடியாது, முறைப்படிதான் கேட்க வேண்டும் என்றார். பெண் கேட்கப் போனாலும், கொலைக்குச் சமாதானம் கேட்கப் போனாலும் நாம் எப்படிப் போகிறோமோ அப்படியே. பெரியவர்கள் முன்னால் உட்கார வேண்டும், காப்பி வரும், வாங்கித் தரையில் வைத்துவிட வேண்டும், குடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் பார்த்துப் புரிந்துகொண்டு, காப்பியைக் குடியுங்கள், நீங்கள் கேட்டது கிடைத்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் குடிக்க வேண்டும். உன்னைக் கேட்டு பஷீர் வீட்டார் வந்தபோது உன் வாப்பா வேண்டுமென்றே கால் மணி நேரம் அவர்கள் கோப்பையைப் பார்க்காத மாதிரி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாரே, அவன் முகம் வெளுத்துப்போனதே, அதேதான்.

அந்த டாக்டர் நம்மைப் பார்த்து எழுந்து நின்றாள். நாற்காலி போட்டாள். பெட்டியில் கட்டிய பொடிக்காப்பியைத் திரும்ப எடுத்து, பால் ஊற்றி, காகிதக் கோப்பையில் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தாள். நம் ஆண்கள் ஒவ்வொருவராக வாங்கித் தரையில் வைத்தார்கள். உன் பாட்டனார் பேசத் தொடங்கினார். நீங்கள் எங்கள் தலைக்குக் கிரீடம், உங்கள் வாசலுக்கு வந்திருக்கிறோம், உங்கள் கைக்கு அல்லாஹ் நோய் தராதிருக்கட்டும். நீ பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக இங்கிலீஷில் சொன்னாய். அவள் முகம் சிவக்கச் சிவக்க நன்றி நன்றி என்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காப்பியில் ஆடை கட்டியது. அவர் இன்னும் பேசினார். கோப்பையைப் பார்ப்பாள், கேட்பாள் என்று எல்லோரும் காத்திருந்தோம், கேட்காமல் அவரால் சொல்ல முடியாது. கடைசியில் பார்த்தாள். பார்த்து, ஐயோ என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்து, குனிந்து, ஒரு கோப்பைக்குள் இன்னொன்றாக எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள். காப்பி நல்லாயில்ல போல, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்றாங்க தாத்தா என்று நீ சொன்னாய். உன் பாட்டனார் அதைக் கேட்கவேயில்லை. எழுபது வயதில் அவர் வைத்த கோப்பையை யாரும் அப்படி எடுத்ததில்லை, அடிதடிக்காரன் வீட்டில்கூட எடுத்ததில்லை. மேலங்கியை உதறிக்கொண்டு எழுந்தார். ‘எந்திரிங்க. வாசல மூடிட்டாங்க’ என்றார். எல்லோரும் எழுந்துவிட்டோம். நீ மட்டும் தாத்தா நான் இன்னும் கேக்கலையே, நான் கேக்கறேனே என்று இரண்டு தடவை சொன்னாய். முத்லக் உன் கையில் உன் பாட்டனாரின் கைத்தடியைக் கொடுத்து அவரை வண்டியில் ஏற்று என்று தள்ளிவிட்டார். நீ கேட்க வேண்டிய கேள்வி உன் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது. ஒலிவக் காய் பறிக்கிற காலம் திரும்பி வருவதற்குள் நாயிஃபை அடக்கம் செய்தோம்.

அதிலிருந்து ஐந்து வேளையும் அந்த டாக்டரைச் சபித்தேன். அவள் பிள்ளைக்கும் மூச்சு முட்டட்டும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னதைச் சொல்லவில்லை என்று எழுத மாட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை நீ போனை வைத்த பிறகு அவாத் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். பருப்புச் சோறும் தயிரும் வைத்தேன். மைசூன் இப்படிச் செய்திருக்கிறாள், வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டவளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்று என் பயத்தைச் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ‘நம்ம வீட்டுப் பொண்ணுதான், சந்தேகமே இல்ல. நானும் அன்னிக்கி அந்த டாக்டர்கிட்ட அதத்தானே அண்ணி சொன்னேன்’ என்றார். என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. என்ன சொன்னீர்கள் என்றேன். மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். நாம் வெளியேறும்போது அந்த டாக்டர் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்தாளாம். புள்ளைக்கு ஒடம்பு சரியில்லையா, என்கிட்ட ஏதாவது கேக்கவா வந்தீங்க என்று கேட்டாளாம். இவர் ‘இல்லம்மா, நன்றி, எல்லாம் நலம்’ என்றாராம். ஏன் என்றேன். அப்போதுதான் அவர் சிரிப்பு நின்றது. ‘மறுபடி கேப்பான்னு நெனச்சேன் அண்ணி. நம்மாளுங்க மூணு தடவ கேப்பாங்க. அவங்க ஒரு தடவதான் கேப்பாங்க, அது எனக்குத் தெரியும், ஒம்பது வருஷம் பாத்தவன்தானே. ஆனா வாய் முந்திக்கிச்சு.’

அவர் சோறு பாதி இருந்தது. நான் தட்டை எடுத்துவிட்டேன். ஆமாம், சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளியின் முன்னாலிருந்து என் கையால் தட்டை எடுத்தேன். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஸப்ஹா தினமும் போன் செய்கிறாள், வயசானவரு, வாய்தவறி நடந்தது, விட்டுடுங்க என்கிறாள். அன்று விதை கொறித்தவளுக்கு இதில் என்ன பேச்சு. அவர் உனக்குப் போன் செய்தால் மரியாதையாகப் பேசு, அது உன் கடமை. வியாழக்கிழமை அலுவலகத்தில் போனில் நான் பேசித் தருகிறேன், எனக்கு அவர்கள் பேச்சு பழக்கம் என்று சொல்வார், ஸப்ஹாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிடு. அந்த ஒரு வேண்டாமை மட்டும் சொல்.

இனி யாருக்கும் சொல்லாததை எழுதுகிறேன். அவாத் எனக்குப் புரியாத அந்தப் பதிலைச் சொன்ன பிறகும் அவள் போகவில்லை மைசூன். அவள் அவரை நம்பவில்லை. என் பக்கம் திரும்பினாள். நாயிஃப் முகத்தைக் குளிருக்காகச் சிவப்புத் துணியால் மூக்கு வரைக்கும் சுற்றி வைத்திருந்தேன், நீலம் பாய்ந்த உதடு வெளியே தெரியவில்லை. துணிக்குள்ளே அவன் இருமினான். அவள் என் தோளில் கையை வைத்தாள். அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புருவத்தை உயர்த்தினாள். எனக்குப் புரிந்தது. எந்த பாஷை வேண்டும் அதற்கு? துணியை விரலால் கீழே இழுத்திருந்தால் போதும். நம் பெண்கள் வேறு வழியில்லாதபோது செய்வார்களே, அதுபோல அவள் உடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தால் போதும். நீ கற்றுக்கொடுத்த இரண்டு சொல்லும் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் முன்னால் என் மாமனாரின் முதுகு தெரிந்தது, அவர் அவமானப்பட்டு நடந்த வாசலில் மருமகள் கையேந்தினாள் என்று நாளை பேசுவார்களே என்று தோன்றியது. என் வலது கை தானாக எழுந்து நெஞ்சின் மேல் போய் உட்கார்ந்தது. யாராவது இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் என்றால் போதும் என்று வைப்போமே, அப்படி. ஒரு குறையுமில்லை என்பதுபோல அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சிரித்தும் இருக்கிறேன் என்று நினைக்கிறேன். அவளும் தன் கையைத் தன் நெஞ்சில் வைத்துச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். இருபத்தொரு வருடம் அவளை அவ்வளவு சத்தமாகச் சபித்தது எதை மறைக்க என்று இந்த நான்கு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவாத்தின் தட்டை எடுத்த கையும் அதே கைதான்.

நீ போனில் வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லும்போது உன் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை, ஆனாலும் தெரியும், நான்தானே பழக்கினேன். முதல் தடவை கேட்டதும் வாங்காதே, பசித்தாலும் பசிக்கவில்லை என்று சொல், அடுத்தவரைக் கேட்க வை என்று உன் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்தது நான். அதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை பலகாரம் கொண்டு போகாதே. அவள் தாயார் முழங்காலைப் பற்றிப் பிறகு கேட்கலாம். உட்காருவதற்கு முன்னாலேயே சொல். என் மகளுக்கு மூச்சு இழுக்கிறது, சுவர் கறுத்திருக்கிறது, எங்களுக்கு வேறு வீடு வேண்டும், எப்போது தருவீர்கள். இதை மென்மையாகச் சொல்வதா நேராகச் சொல்வதா என்று தேடிக்கொண்டிருக்காதே, அந்தச் சந்து வழியை லீன் பிழைத்த பிறகு நிதானமாகத் தேடிக்கொள். அதட்டுகிறாள், மரியாதை தெரியாத அரபுப் பெண் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நம் எல்லோரையும் மரியாதை தெரிந்தவர்கள் என்றுதான் அந்த டாக்டர் நினைத்துக்கொண்டு போயிருப்பாள். லீனையும் கூட்டிக்கொண்டு போ. எவ்வளவு குளிராக இருந்தாலும் உள்ளே போனதும் அவள் முகத்துத் துணியைக் கழற்று, இருமினால் இருமட்டும், அந்த அலுவலகப் பெண் கேட்கட்டும். பார்க்கலாம் என்று சொன்னால் என்றைக்கு என்று கேள். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு முதலில் இருந்து திரும்பச் சொல். அவர்கள் ஒரு தடவைதான் கேட்பார்கள் மகளே, ஒரே ஒரு தடவை.

ரஹாஃப் கையில் காய்ந்த அத்திப்பழம் ஒரு பையும், லீனுக்கு ஆவி பிடிக்க மலைத்துளசி மாதிரி வாசம் வருமே அந்த இலையும் கொடுத்திருக்கிறேன், கொதிக்க வைத்தபின் பிள்ளை பக்கத்தில் பாத்திரத்தை வைத்துவிட்டு நகராதே. இங்கே உறைபனி விழத் தொடங்கிவிட்டது, முத்லக் பெரியவருடைய பேத்திக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, எல்லாம் இருக்கிறபடி இருக்கிறது. அல்லாஹ் லீனுடைய நெஞ்சைத் திறந்துவிடட்டும். உன் நாக்கின் முடிச்சை அவிழ்க்கட்டும். என் ஆயுளில் மிச்சம் இருப்பதை அவளுக்குக் கொடுத்துவிடட்டும். மறந்துவிடாதே, வியாழக்கிழமை அந்த அலுவலகத்தின் வாசலில் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரைக்கும் உன் வலது கை கோட்டுப் பைக்குள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்ததும் எனக்குப் போன் செய், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

முதலில் எழுதிய ஒன்பது பேரில் உன் பாட்டனாரை, அவரை அடக்கம் செய்த ஜனாஸாவில் மன்னித்துவிட்டேன், அவருக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் அவர் பேரனுக்காகப் போனார். முத்லக்கும் கலஃபும் உன் வாப்பாவும் பெரியவர் எழுந்ததால் எழுந்தார்கள். அந்த டாக்டரை மன்னிக்க எனக்கு எதுவும் இல்லை, நான்தான் கேட்க வேண்டும், எந்த ஊரில் போய்க் கேட்பேன். அவாத்துக்கு ஒருநாள் அந்தத் தட்டைத் திருப்பி வைத்தாலும் வைப்பேன், இந்த வருடம் இல்லை. நீ கேட்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னவள், உன்மேல் ஒரு தூசி அளவும் இல்லை. மன்னிக்க மாட்டேன் என்று சொல்ல ஒருத்திதான் மிச்சம். அவள் பெயரை, கடிதத்தில் அது எங்கே வர வேண்டுமோ அங்கேயே எழுதுகிறேன்.

உன் உம்மா
நவ்ஃபா